விற்ற ஆட்டத்தை அழிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? சட்டமியற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

பதிப்புரிமைச் சட்டங்களை எழுதவும் திருத்தவும் பொறுப்பேற்றிருக்கும் மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம்.

ஒருவர் விலை கொடுத்து வாங்கிய வீடியோ கேமை, விற்ற நிறுவனமே பின்னொரு நாளில் எவராலும் விளையாட முடியாதபடி செயலிழக்கச் செய்யலாமா என்ற கேள்வியைக் குறித்து உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு நேரான பதிலைப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் தரவில்லை. சட்டம் பேசாமல் விட்ட அந்த இடத்தில் பதிப்புரிமை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு படைப்பைப் பிறர் திருட்டுத்தனமாக நகலெடுக்காமல் காப்பதற்குக் கொடுக்கப்பட்ட உரிமை, அந்தப் படைப்பையே இல்லாமல் ஆக்குவதற்கான உரிமையாக நடைமுறையில் வளர்ந்துவிட்டது. நிறுவனங்கள் தமக்கு அனுமதிக்கப்பட்டதைச் செய்கின்றன. அனுமதியின் எல்லையை வரையறுப்பவர்கள் நீங்கள் என்பதால் இம்மடலை உங்களுக்கே எழுதுகிறேன்.

பலருக்கும் தெரிந்த ஒரு நிகழ்விலிருந்து தொடங்குகிறேன். பிரான்ஸைச் சேர்ந்த யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய ஆட்டத்தை வெளியிட்டது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டன. பிறரோடு போட்டியிடாமல் தனியாக ஓட்டி மகிழக்கூடிய பகுதிகள் அதில் நிறைய இருந்தன. ஆயினும் அவற்றைத் திறப்பதற்குக்கூட நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு இருக்க வேண்டும் என்று வடிவமைத்திருந்தார்கள். இணைப்பு அறுந்த அன்றே ஆட்டம் முழுவதும் முடிந்தது. கடையில் தட்டாக (டிஸ்க்) வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்குத் தட்டு மட்டுமே மிஞ்சியது. அடுத்த மாதமே ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக 2024 ஜூலை இறுதியிலிருந்து ஓராண்டுக்குத் திறந்திருந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சி (போதிய கையெழுத்துகள் சேர்ந்தால் ஐரோப்பிய ஆணையம் பரிசீலித்தாக வேண்டிய கோரிக்கை), தேவையான 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. பிரிட்டனிலும் மனு கொடுக்கப்பட்டது. நுகர்வோர் சட்டத்தைத் திருத்தும் திட்டம் தங்களிடம் இல்லை என்று அந்நாட்டு அரசு பதில் சொன்னது.

இது எனக்கும் நேர்ந்திருக்கிறது. நானும் என் அக்காவும் ஆறு ஆண்டுகள் சேர்ந்து விளையாடிய ஓர் ஆட்டம், ஒரு மாத முன்னறிவிப்போடு மூடப்பட்டது. வேலையின் பொருட்டு வெவ்வேறு ஊர்களில் இருந்த நாங்கள், இரவில் ஒரு மணி நேரம் அதற்குள் சந்தித்துக்கொள்வோம். குடும்பத்தில் பேசித் தீர்க்க வேண்டியவற்றில் பாதியை அங்கேதான் பேசித் தீர்த்தோம். கடற்கரையோரமாக அக்கா ஒரு கலங்கரை விளக்கத்தைக் கட்டியிருந்தாள். கடைசி நாளன்று அதன் உச்சியில் இருவரும் நின்று, மணி ஆகும் வரை எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்காக அந்த நிறுவனம் காலமெல்லாம் சர்வர் நடத்த வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கணினியிலேயே அதை இயக்கிக்கொள்ள ஏதேனும் வழி உண்டா என்று மட்டும் எழுதிக் கேட்டோம். பதிலாக வந்தது, பயனர் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு எண்.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: நீங்கள் வாங்கியது பொருள் அன்று, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்க ஓர் உரிமம். ஆனால் நாங்கள் அழுத்திய பொத்தானில் 'வாங்கு' என்றுதான் எழுதியிருந்தது.

பதிப்புரிமை எந்த நிபந்தனையின்பேரில் உலகத்துக்கு வந்தது என்பதைச் சற்றே திரும்பிப் பார்க்குமாறு உங்களை வேண்டுகிறேன். 1710இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம், புதிய நூல்களுக்கு 14 ஆண்டுகள் பாதுகாப்பு தந்தது. அக்காலம் முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள். இந்த அளவை விவாதங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்ததைச் சொல்பவர்கள் குறைவு. வெளியாகும் நூலின் ஒன்பது பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கென ஒப்படைக்க வேண்டும் என்பதே அந்த விதி. பாதுகாப்பைத் தந்த அதே கை, படிக்கத்தக்க பிரதி ஒன்று பொதுவில் நிலைத்திருக்க வேண்டும் என்ற கடமையையும் சுமத்தியது. கொடுக்கல் வாங்கல் அவ்வளவு தெளிவாக இருந்தது. பிற்காலத்தில் நாம் பாதுகாப்பின் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனோம். அமெரிக்காவில் 1998இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, நிறுவனத்தின் பெயரில் வெளியாகும் படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு.

தமிழில் விவாதிக்கும்போது பதிப்புரிமையையும் காப்புரிமையையும் ஒன்றெனக் கருதிக் குழப்பிக்கொள்வது வழக்கமாக இருக்கிறது; ஆகவே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளில் பொதுவாக முடிந்துபோவது. அதைப் பெறுவதற்குக் கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை எழுதி வெளிப்படுத்தவும் வேண்டும். ஒரு புதிய எந்திரத்தைப் படைத்தவரிடம் இத்தனையும் கேட்கும் சட்டம், ஓர் ஆட்டத்தின் உரிமையாளரிடம் அதன் உள்ளமைப்பைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்காமல் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது.

இதைத் 'தி க்ரூ'வோடு பொருத்திப் பாருங்கள். அமெரிக்கக் கணக்கின்படி, நிறுவனத்தின் பெயரில் 2014இல் வெளியான படைப்பு 2109ஆம் ஆண்டு முடியும் வரை பாதுகாக்கப்படும்; அதன் பிறகு எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க பொதுவுடைமை ஆகும். பொதுவுடைமை ஆவதற்கு அப்போது என்ன இருக்கும்? வெளியாகிப் பத்தாவது ஆண்டிலேயே ஆட்டம் நின்றுவிட்டது. மிச்சமுள்ள 85 ஆண்டுகளுக்கும் சட்டம் காவல் காப்பது ஓடாத ஒரு தட்டையும், நிறுவனத்தின் கிடங்கில் இருக்கலாம் அல்லது இல்லாமலும் போகலாம் என்ற நிலையிலுள்ள சில கோப்புகளையும்தான். சமூகம் தன் பங்கை முழுமையாகக் கொடுத்துவிட்டது, வரவேண்டிய பங்கு வரப்போவதில்லை.

கலைகள் இப்படி அழிந்துபோவது புதிதன்று என்பது உண்மைதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வந்த மௌனத் திரைப்படங்களில் 14 விழுக்காடு மட்டுமே மூல வடிவில் எஞ்சியிருக்கின்றன என்றும், ஏறத்தாழ 70 விழுக்காடு முற்றாகத் தொலைந்துவிட்டன என்றும் கணக்கிட்டது. நைட்ரேட் படச்சுருள் தானாகவே சிதையும், எளிதில் தீப்பற்றும். அதில் இருந்த வெள்ளிக்காகவும் சுருள்களை உருக்கினார்கள். அது அலட்சியத்தின் விளைவு. ஓலைச்சுவடியைச் செல் அரித்ததும் அப்படித்தான். அரிக்கட்டும் என்று எவரும் ஒப்பந்தம் எழுதி வைக்கவில்லை. ஆட்டங்களின் கதை இதிலிருந்து வேறுபட்டது. பிரதிகள் எண்ணற்ற வீடுகளில் கெடாமல் இருக்கின்றன, அவற்றை இயக்கும் கருவிகளும் இருக்கின்றன, இயக்க விரும்பும் மக்களும் இருக்கிறார்கள். இத்தனை இருந்தும், முன்னமே தேதி குறித்து, அறிவிப்பு வெளியிட்டு, ஒரு படைப்பு நிறுத்தப்படுகிறது.

இணைப்பைச் சார்ந்திராத பழைய ஆட்டங்களின் நிலையும் நன்றாக இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று சந்தையில் விலைக்குக் கிடைப்பதில்லை. அவை எல்லாம் அழிந்துவிட்டன என்பது இதன் பொருளாகாது. நேர்மையான வழியில் அவற்றைப் பெற நினைப்பவருக்குப் பழைய கருவிகளைத் தேடி அலைவதும், சேகரிப்பு உள்ள இடத்துக்கு நேரில் போவதும் தவிர வேறு வழியில்லை என்பதே பொருள்.

நூலகங்கள் ஏன் இதைச் சரிசெய்யவில்லை என்று கேட்கலாம். அவற்றின் கைகளைச் சட்டம் கட்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1998இல் வந்த டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், படைப்பை அனுமதியின்றித் திறக்கவிடாமல் வைக்கும் டிஜிட்டல் பூட்டைத் திறப்பதையே குற்றமாக்கியது; திறந்தவர் எதையும் திருடாவிட்டாலும் அது மீறல்தான். விலக்கு வேண்டுவோர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து வாதாட வேண்டும். அப்படி வாதாடியதன் பலனாக, உரிமம் சரிபார்க்கும் சர்வர் நிறுத்தப்பட்ட ஆட்டத்தைத் தன் கருவியில் தனியாக விளையாடுவதற்காக அதன் பூட்டைத் திறக்கலாம் என்று 2015இல் ஒரு விலக்கு கிடைத்தது. கேட்பதற்கு நல்ல செய்தி. ஆனால் பூட்டைத் திறக்கத்தான் அனுமதி; திறப்பதற்கான கருவியைச் செய்து பிறருக்குக் கொடுப்பதற்கு இந்த விலக்கு பொருந்தாது. நிரல் எழுதத் தெரியாத ஒரு சாதாரண ஆட்டக்காரருக்கு இப்படிப்பட்ட உரிமையால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

2024 அக்டோபரில் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தங்களிடமுள்ள, சந்தையில் கிடைக்காத ஆட்டங்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்கும்படி செய்ய அனுமதி கேட்டிருந்தன, அது மறுக்கப்பட்டது. அப்படித் திறந்துவிட்டால் சிலர் பொழுதுபோக்குக்காக விளையாடிவிடுவார்கள் என்ற அச்சம், மறுத்ததற்கான காரணங்களுள் ஒன்றாக இருந்தது. இந்தக் காரணத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. நாவலை இரவல் கொடுக்கும் நூலகர், இதை ஆய்வுக்காகப் படிக்கிறீர்களா, ரசிப்பதற்காகப் படிக்கிறீர்களா என்று எவரையும் விசாரிப்பதில்லை. விளையாடிப் பார்க்காமல் ஓர் ஆட்டத்தை எப்படி ஆராய்வது?

நிறுவனங்கள் எழுப்பும் மறுப்புகளை நான் அலட்சியப்படுத்தவில்லை; அவற்றில் நியாயம் உள்ளவையும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் புழங்கும் ஓர் இணைய உலகத்தின் சர்வர் மென்பொருள், பிற நிறுவனங்களிடமிருந்து உரிமம் பெற்ற பல கூறுகளால் ஆனது. அதை அப்படியே பொட்டலம் கட்டிப் பொதுமக்களிடம் கொடுத்துவிட முடியாது. ஏற்கெனவே அப்படிக் கட்டப்பட்ட ஆட்டங்களைத் திரும்பப் பிரித்துக் கட்டச் சொல்வது சிறிய நிறுவனங்களைச் சாய்த்துவிடும். ஆகவே கடந்த காலத்தின்மீது புதிய சட்டத்தைச் சுமத்தக் கூடாது என்பதை ஏற்கிறேன். இனி வரைபடம் போடப்போகும் ஆட்டத்தின் நிலை வேறு. அதன் முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே திட்டமிட்டால், ஆகும் செலவு மிகவும் குறையும். கட்டடத்துக்குத் தீ வெளியேற்ற வழியை வரைபடத்திலேயே வைப்பதற்கும், கட்டி முடித்த பின் சுவரை இடித்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இசைக்கும் கார்களின் பெயர்களுக்கும் பெற்ற உரிமங்கள் காலாவதியாகிவிடுகின்றன என்பது இன்னொரு மறுப்பு. உரிமம் முடிந்தபின் புதிய பிரதிகளை விற்க முடியாமல் போகலாம், அது சரி. அதற்காக, விற்று முடித்த பிரதிகளை வாங்கியவரின் வீட்டுக்குள் வந்து எடுத்துப்போக வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது? ஒரு திரைப்படத்தின் பாடல் உரிமம் முடிந்தது என்பதற்காக எவரும் அலமாரியிலிருக்கும் டிவிடியைத் திருப்பிக் கேட்டதில்லை.

தனியார் நடத்தும் சர்வர்களில் பயனர்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, அங்கு நடக்கும் தவறுகளுக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்கிவிடுவார்களே என்ற கவலையும் சொல்லப்படுகிறது. இது சட்டத்தால் எளிதில் தீர்க்கக்கூடியது. ஆதரவை நிறுத்திய நாளுக்குப் பிறகு நடப்பவற்றுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று ஒரே ஒரு பிரிவில் நீங்கள் எழுதிவிடலாம். நிறுவனங்கள் விரும்பினால் செய்ய முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் 2012 நவம்பரில் 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' ஆட்டத்தை மூடியது. பின்னாளில் ரசிகர்கள் தாங்களே அதை நடத்தத் தொடங்கினார்கள்; 2024 ஜனவரியில், அவர்களில் 'ஹோம்கமிங்' என்ற குழுவுக்கு நிறுவனமே முறையான உரிமம் வழங்கியது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தின் பழைய வடிவத்தை நடத்திவந்த 'நோஸ்டால்ரியஸ்' என்ற ரசிகர் சர்வர், சட்ட மிரட்டலுக்குப் பணிந்து 2016இல் மூடிக்கொண்டது. அதே பழைய வடிவத்தை 2019இல் ஆட்டத்தின் உரிமையாளரான பிளிஸார்ட் நிறுவனமே மீண்டும் வெளியிட்டது. பழையதற்கு மதிப்பு இருக்கிறது என்பதை ரசிகர்கள்தான் முதலில் காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று இதற்கும் மூத்தது. 1993இல் வந்த 'டூம்' ஆட்டத்தின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997இல் பொதுவில் வெளியிட்டது. ஓவியங்களையும் இசையையும் ஆட்டக் களங்களையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, இயக்கும் எந்திரத்தை மட்டும் திறந்துவிட்டது. அன்றைய கணினிகளெல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. 'டூம்' இன்றும் புதிய கருவிகளில் ஓடுகிறது, இன்றும் விலைக்கு விற்கிறது. திறந்துவிட்டால் வருமானம் போய்விடும் என்று சொல்பவர்கள் இந்த ஓர் ஆட்டத்தின் வரலாற்றைப் படித்தால் போதும்.

இந்த விவாதம் அரசியலுக்குள் இழுபட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கவலை தருகிறது. ஆட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே ஒரு தரப்பு அவற்றை வன்முறையின் ஊற்றுக்கண்ணாகப் பார்க்கிறது. இன்னொரு தரப்பு எந்த ஆட்டத்தில் எந்தக் கொள்கை நுழைந்திருக்கிறது என்று கணக்கெடுக்கிறது. இரு தரப்பாரின் ஆட்டங்களும் ஒரே விதமாகத்தான் அணைக்கப்படுகின்றன என்பதை இருவருமே கவனிப்பதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல், ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாக அளித்த தீர்ப்பில், நூல்களுக்கும் நாடகங்களுக்கும் உள்ள கருத்துரிமைப் பாதுகாப்பு வீடியோ கேம்களுக்கும் உண்டு என்றது. அரசின் கட்டுப்பாட்டை எதிர்த்து அந்த வழக்கை நடத்தி வென்றவை இத்துறையின் அமைப்புகள்தாம். தணிக்கை வரும்போது நூலுக்கு நிகர், பேணிக்காக்கும் கடமை வரும்போது வெறும் சேவை என்று இரண்டு விதமாகப் பேச அவற்றை நீங்கள் அனுமதிக்கக் கூடாது.

இது ஆட்டங்களோடு நின்றுவிடுவதும் இல்லை. 2009இல் அமேசான் நிறுவனம், விற்கும் உரிமை இல்லாத ஒருவர் பதிவேற்றியவை என்று தெரிந்ததும், வாசகர்கள் வாங்கியிருந்த சில நூல்களை அவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே நீக்கியது. 2023 டிசம்பரில், வாங்கப்பட்ட டிஸ்கவரி நிகழ்ச்சிகளைப் பயனர்களின் தொகுப்பிலிருந்து அகற்றப்போவதாக சோனி நிறுவனம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பின் அதே மாதத்தில் அம்முடிவைக் கைவிட்டது. நூலும் நிகழ்ச்சியும் ஆட்டமும் ஒரே பூட்டின் கீழ் வந்துவிட்ட காலத்தில், செய்தித் தொகுப்பும் அரசியல் உரையும் அதே பூட்டின் கீழ் வர எத்தனை நாளாகும் என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் பக்கம் நின்று வாதாடும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுவனம் செய்வது அநியாயம் என்பதால், விற்பனையில் இருக்கும் ஆட்டத்தைத் திருட்டுப் பிரதியாக இறக்கிக்கொள்வது நியாயம் என்று சிலர் எழுதுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. அந்த ஆட்டத்துக்கு ஓவியம் வரைந்தவரும் நிரல் எழுதியவரும் அடுத்த மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருப்பவர்கள். நான் கேட்பது ஏற்கெனவே விலை கொடுத்தவர்களுக்கான நியாயம்; அந்தக் கோரிக்கையின் வலிமையே நாம் விலை கொடுத்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இனி உங்களிடம் வேண்டுவது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் சட்டம், திரும்பப் பெறத்தக்க உரிமத்தை விற்கும் கடை அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உண்மையைச் சொல்ல வைத்ததால் அது வரவேற்கத்தக்கது, ஆனால் அழிப்பதை அது தடுக்கவில்லை. ஆகவே அதற்கு மேலே ஒரு படி செல்லுங்கள். நீங்கள் குறிக்கும் ஒரு தேதிக்குப் பிறகு விற்கப்படும் ஒவ்வோர் ஆட்டமும், நிறுவனம் தன் ஆதரவை நிறுத்தும் நாளில், வாங்கியவர் தன் கருவியில் இயக்கத்தக்க ஒரு நிலையில் விடப்பட வேண்டும் என்று விதியுங்கள். அது எந்தத் தொழில்நுட்ப வழியில் என்பதை நிறுவனத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். அப்படிச் செய்ய இயலாது என்று சொல்லும் நிறுவனம், குறைந்தது எத்தனை ஆண்டுகள் ஆட்டம் நடக்கும் என்பதை விற்கும்போதே விலைக்கு அருகில் அச்சிடட்டும். அதற்குள் நிறுத்தினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். 2024இல் 'கான்கார்ட்' ஆட்டத்தை வெளியிட்ட இரண்டே வாரங்களில் நிறுத்தியபோது சோனி நிறுவனம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. ஆகவே இது நடக்காத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது.

சட்டம் வருவதற்கு முன்பே விற்கப்பட்ட ஆட்டங்களுக்கு இந்த விதி உதவாது. அவற்றுக்காக, நூலகங்களுக்கும் காப்பகங்களுக்கும் பூட்டைத் திறக்கவும், திறப்பதற்கான கருவிகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளவும், சந்தையில் இல்லாதவற்றைத் தொலைவிலிருந்து பார்க்கத் தரவும் நிலையான விலக்கு அளியுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை கைகட்டி வந்து நிற்க வேண்டிய விலக்கு போதாது. என் வேண்டுகோள்களில் ஒன்றை மட்டுமே இந்த ஆண்டு நிறைவேற்ற முடியும் என்றால் இதையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஆட்டங்களுக்கான விதியை ஓராண்டு விவாதித்து எழுதலாம். 1980களின் காந்த வட்டுகளோ இப்போதே படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கின்றன; அவற்றுக்கு நிரல் எழுதிய கைகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
விலை கொடுத்து வாங்கிய ஆட்டக்காரர்களுள் ஒருவர்